வெள்ளை டப்பாவும் வெள்ளி டப்பாவும்

பழகிய பானத்தைக் கடையில் எடுக்கும்போது அதன் பெயரை நாம் படிக்கிறோமா? பெரும்பாலும் இல்லை. கையை நேராக நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அது கண்ணில் ஏறத்தாழ 2 பாகைக் கோணத்தை அடைக்கிறது. கண் மிகக் கூர்மையாகப் பார்ப்பது அவ்வளவு இடத்தை மட்டுமே! அதற்கு வெளியே எழுத்து மங்கிவிடும். பெரிய உருவமும் பளிச்சென்ற நிறமும்தாம் புலப்படும். ஆகவே அலமாரியில் நாம் முதலில் தேடுவது நிறத்தையே.

2011 நவம்பரில் அமெரிக்காவில் கோகோ கோலா நிறுவனம், பனிக்கரடிகளின் பாதுகாப்புக்கு நிதி திரட்டுவதற்காகத் தன் சிவப்பு டப்பாவை வெள்ளையாக்கியது. நல்ல நோக்கந்தான். ஆனால், அதன் சர்க்கரையில்லாத டயட் கோக் வெள்ளி நிற டப்பாவில் விற்பனையாகி வந்தது. வாடிக்கையாளர் பலர் ஒன்றை மற்றொன்றாக எண்ணி எடுத்துவிட்டனர்.

இதற்குக் காரணம் என்ன? சிவப்புச் சாயம் நீல, பச்சை ஒளியைப் பெரிதும் உறிஞ்சிக்கொண்டு சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. வெள்ளைச் சாயமோ எல்லா நிறங்களையும் ஏறக்குறையச் சமமாகத் திருப்புகிறது. அலுமினியமும் அப்படியே! வெள்ளைப் பரப்பு ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிக்கும். பளபளப்பான உலோகம் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும். வேறுபாடு அவ்வளவே. அவசரமாக எடுப்பவரின் ஓரக்கண்ணுக்கு அது போதாது.

சாதாரண கோகோ கோலாவின் 355 மில்லிலிட்டர் டப்பா ஒன்றில் 39 கிராம் சர்க்கரை உண்டு. நீரிழிவு நோயாளி தவறி எடுத்தால் அது சிறிய எரிச்சலோடு முடிகிற காரியமன்று. சுவையே மாறிவிட்டது என்றும் சிலர் புகார் செய்தனர். உள்ளேயிருந்த பானமோ பழையதுதான்!

டிசம்பரில் சிவப்பு டப்பா திரும்பி வந்தது. பனிக்கரடிகள் அதிலும் இருந்தன, சிவப்பின்மேல் வெள்ளையாக.