மரம் நடாத சேவை: மேல்மலையிலிருந்து ஒரு சாரணர் திட்டம்

குடியரசுத் தலைவர் விருதுக்குத் தயாராகும் ஒரு சாரணரிடம், சேவைத் திட்டமாக என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால், பெரும்பாலும் ‘மரக்கன்று நடப் போறோம் சார்’ என்றுதான் பதில் வரும். சமவெளியில் அது நல்ல பதில். மன்னவனூரில் அதை எழுதிக் கொடுக்கும் முன், ஏரிக்கு மேலே உள்ள மேட்டில் ஏறி நின்று ஒருமுறை சுற்றிலும் பார்க்க வேண்டும்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வந்தால், மேல்மலைக் கிராமமான மன்னவனூர். மத்திய செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல மையம் இங்கேதான் இருக்கிறது. ஆடுகள் மேயும் அந்தப் பச்சைச் சரிவுகளைப் பார்க்கும் வெளியூர்க்காரர் பலர், ‘இவ்வளவு இடம் வெறுமனே கிடக்கிறதே’ என்று நினைப்பார்கள். அது வெற்றிடம் அல்ல. மலை மடிப்புகளில் சோலைக்காடும், திறந்த சரிவுகளில் புல்லும் என்பதுதான் பழனி மலையின் இயற்கையான அமைப்பு. குளிர்கால உறைபனியைத் திறந்த சரிவில் சோலை மரக்கன்றுகள் தாங்குவது அரிது, புல் தாங்கும். மழை நீரை மெல்ல மண்ணுக்குள் இறக்கி ஓடைகளுக்குக் கொடுப்பதும் அந்தப் புல்தான். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கும் அதுவே வீடு.

அந்தப் புல்வெளியை அழித்தவற்றில் மரம் நடுதலும் ஒன்று. தோல் பதனிடப் பட்டையும் எரிக்க விறகும் வேண்டுமென்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வாட்டில், அதாவது இங்கே சீகை என்று சொல்லும் மரம், நட்ட இடத்தோடு நிற்கவில்லை. பைனும் யூகலிப்டஸும் விவசாயமும் சேர, 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக, 2018-இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு கணக்கிட்டது. அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்க 2022-இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வகுத்தது.

அதனால், மேல்மலையில் ஒரு சாரணர் படை செய்யக்கூடிய சிறந்த சேவை, புல்வெளியில் முளைக்கும் சீகைக் கன்றுகளைப் பிடுங்குவது என்பேன். நடுவதைவிட இது எளிதாகத் தோன்றலாம். ஆனால் இதற்குத்தான் அதிகத் திட்டமிடல் வேண்டும்.

விருதின் படிநிலையை முதலில் சொல்லிவிடலாம். பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பிரவேஷ், அடுத்து மூன்று சோபான்கள், பிறகு மாநில அளவில் ராஜ்ய புரஸ்கார், அதற்கும் மேலே ராஷ்டிரபதி விருது, அதாவது குடியரசுத் தலைவர் விருது. அமெரிக்காவில் இதற்கு இணையானது ஈகிள் ஸ்கவுட். அதன் விதிகளில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. வேலையைத் தொடங்கும் முன்பே திட்டத்தை எழுதி, அதனால் பயன்பெறும் அமைப்பின் ஒப்புதலையும் சாரண ஆசிரியரின் ஒப்புதலையும் வாங்க வேண்டும். இத்தனை மணி நேரம் உழைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மற்றவர்களைச் சேர்த்து வழிநடத்தினாயா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

மன்னவனூரில் அந்த ஒப்புதல் வனத்துறையிடமிருந்து வர வேண்டும். நிலம் காப்புக்காடாக இருந்தால், அனுமதியில்லாமல் உள்ளே போவதே குற்றம். ஆகவே முதல் மாத வேலை கடிதம் எழுதுவது, வனச்சரக அலுவலகத்துக்கு நடப்பது, வனக்காப்பாளரோடு போய் இடத்தைப் பார்ப்பது. ஊராட்சியிலும் சொல்ல வேண்டும். சீகை விறகை நம்பி அடுப்பெரிக்கும் வீடுகள் மேல்மலையில் உண்டு; ‘மரத்தை எல்லாம் எடுக்கப் போறாங்களா?’ என்று ஒரு பாட்டி கேட்டால், பெரிய மரங்களைத் தொடவில்லை, புல்லுக்குள் புதிதாக முளைத்ததை மட்டும் எடுக்கிறோம் என்று திட்டத்தை நடத்தும் சாரணரே விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். கேள்வி கேட்பவரை உட்காரவைத்துப் பேசுவதும் திட்டத்தின் பகுதிதான்.

இடம் சிறியதாக இருக்கட்டும். ஒரு சரிவின் ஒரு துண்டு போதும். நாலு மூலையிலும் கல் அடுக்கி அடையாளம் வைத்து, எத்தனை கன்று இருக்கிறது என்று முதலில் எண்ண வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மண் இளகியிருக்கும்போது, முழங்கால் உயரக் கன்று வேரோடு கையில் வந்துவிடும். கத்தி, கோடரி மாணவர் கைக்கு வேண்டாம். வேல மரத்து இலை போலப் பொடிப்பொடியாக இருக்கும் சீகை இலையையும் குறிஞ்சிச் செடியின் இலையையும் வித்தியாசம் காணப் பழகாத யாரையும் சரிவில் இறக்கக் கூடாது. காட்டுமாடு நின்றால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது, திரும்பிவிட வேண்டும்.

சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதுதான் பெரிய சிக்கல். ஒருமுறை பிடுங்கிப் படம் எடுத்துப் போட்டுவிட்டால், அடுத்த மழைக்கு அதே சரிவில் மறுபடியும் முளைத்து நிற்கும். விருது வாங்கியவன் கல்லூரிக்கு மதுரைக்கோ கோவைக்கோ போய்விடுவான். எனவே திட்டத்தை எழுதும்போதே அடுத்த அணித் தலைவன் யார், எந்த மாதம் திரும்ப எண்ணுவது, பதிவேடு பள்ளியில் எந்த அலமாரியில் இருக்கும் என்பதையும் எழுதிவிட வேண்டும். என் பார்வையில், சேவைத் திட்டத்துக்கு மதிப்பெண் போடுபவர் முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அதுதான்.

கொடைக்கானல் மலையில் குறிஞ்சி கடைசியாகப் பெருமளவில் பூத்தது 2018-இல். இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் ஒரு சாரணர் இந்த மழையில் தொடங்கினால், 2030-இல் அதே நாலு கற்களுக்கு நடுவே வந்து நின்று, பூத்திருக்கிறதா என்று பார்க்கலாம்.