மூன்று இருந்தால் ஒன்று

1965 செப்டம்பரில் இந்திய-பாகிஸ்தான் போர் மூண்டபோது, இந்தியாவிடமிருந்த ஒரே விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் பம்பாயில் உலர்துறையில் கிடந்தது. பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தக் கப்பலை மூழ்கடித்துவிட்டதாகப் பாகிஸ்தான் தரப்பு அறிவித்தது. தண்ணீரை வெளியேற்றிய தொட்டிக்குள் நிற்கும் கப்பலை எப்படி மூழ்கடிப்பது என்று கேட்டுச் சிரிக்கலாம். சிரித்து முடித்த பிறகுதான் உறுத்தும். போர் வந்த நாளில் நாட்டின் மிகப் பெரிய போர்க்கப்பல் ஏன் அங்கே நின்றது? 34 ஆண்டு கழித்து, 1999இல் கார்கில் சண்டை நடந்தபோது கடற்படையிடம் இருந்தது விராட் என்ற ஒரே விமானந்தாங்கி. அதுவும் அப்போது பழுதுபார்ப்பில்தான் இருந்தது.

இதற்குக் கிரகக் கோளாறு எதுவும் காரணமில்லை. ஒரே ஒரு விமானந்தாங்கியை வைத்திருக்கும் எந்த நாட்டுக்கும் கணக்கு இப்படித்தான் முடியும்.

அந்தக் கணக்குக்குள் போகும் முன் கப்பல்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்படைக் கப்பல்களை வகை பிரிப்பதே கொஞ்சம் குழப்பமான வேலை. ஏறுவரிசையில் சொன்னால் கொர்வெட், ஃபிரிகேட், நாசகாரி எனப்படும் டெஸ்ட்ராயர், அதற்கும் மேலே குரூசர். ஆனால் எடையை மட்டும் வைத்துப் பெயர் சொல்லிவிட முடியாது. 2016இல் படையில் சேர்ந்த ஐஎன்எஸ் சென்னை 7,500 டன் எடையுள்ள நாசகாரி. ஜெர்மனி ஏறத்தாழ அதே எடையில் ஒரு கப்பலைக் கட்டி ஃபிரிகேட் என்கிறது. அரசியலும் பெயர் வைக்கும். கருங்கடலில் விமானந்தாங்கிகளைக் கட்டிய சோவியத் யூனியன் அவற்றைக் ‘கனரக விமானக் குரூசர்’ என்றே பதிவு செய்தது. துருக்கியின் நீரிணைகள் வழியாக விமானந்தாங்கிகள் போக 1936ஆம் ஆண்டின் மோன்ட்ரூ உடன்படிக்கையில் இடமில்லை, குரூசருக்கு இருந்தது. அப்படிக் குரூசராகப் பிறந்த ஒன்றைத்தான் இந்தியா வாங்கி, மாற்றிக் கட்டி, விக்ரமாதித்யா என்று பெயரிட்டிருக்கிறது.

விமானந்தாங்கி தனியாகப் போகாது. ஏவுகணையைத் தடுக்க நாசகாரிகள், நீர்மூழ்கியைத் தேட ஃபிரிகேட்டுகள், எண்ணெயும் அரிசியும் குண்டும் கொண்டுவரும் துணைக்கப்பல், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வரும் ஒரு நீர்மூழ்கி என்று ஒரு பரிவாரமே கூடப் போக வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பராமரிப்புத் தேதிகள் உண்டு. அத்தனையும் ஒரே நாளில் புறப்படத் தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் திட்டமிடுபவரின் தலைவலி.

கப்பலுக்குள் என்னதான் கெட்டுப்போகிறது? முதலில் உப்புத் தண்ணீர். நீருக்குள் இருக்கும் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் பிடிக்கும், வண்ணப்பூச்சு உரியும், இரும்பு அரிக்கும். அதைச் சுரண்டிப் பூச, கப்பலை உலர்துறைக்குள் நுழைத்து, வாயிலை அடைத்து, நீரை இறைக்க வேண்டும். நீர் இறங்க இறங்க, தரையில் முன்கூட்டியே அளந்து வைத்த மரமும் கான்கிரீட்டும் சேர்ந்த கட்டைகளின் மேல் கப்பல் மெல்ல உட்காரும். பல்லாயிரம் டன் எடையும் இந்தக் கட்டைகளின் மேல்தான். கட்டை தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் தூரிகை நுழையாது. எனவே அடுத்த முறை வரும்போது கட்டைகளை வேறு இடத்துக்கு நகர்த்தி வைப்பார்கள், போன முறை விட்டுப்போன திட்டுகளுக்குப் பூச்சு அடிக்க. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பு எந்தக் கட்டை எங்கே இருந்தது என்ற வரைபடம் பத்திரமாக இருந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

அடுத்தது எந்திரங்கள். 1971 போருக்குச் சற்று முன்பு விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் கண்டார்கள். வேகம் குறைந்தால் விமானந்தாங்கிக்கு வரும் இடைஞ்சல் மற்றக் கப்பல்களுக்கு வராது. விமானம் எழும்ப எதிர்க்காற்று வேண்டும். காற்றை எதிர்த்துக் கப்பல் வேகமாக ஓடினால்தான் தளத்தின் மேல் அது கிடைக்கும். கப்பல் நொண்டினால் விமானமும் நொண்டும். இருந்தும் இம்முறை விக்ராந்தைக் கரையில் விடவில்லை. மேற்குக் கடலிலிருந்து சென்னை வழியாக அந்தமானுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 4ஆம் தேதி அதன் சீ ஹாக் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கின. முழு உடல்நலத்தோடு இல்லாத கப்பல் செய்த காரியம் அது. என் பார்வையில் அந்தக் கப்பலின் வரலாற்றிலேயே துணிச்சலான முடிவு, அந்தக் கொதிகலனோடு புறப்பட்டதுதான்.

கொதிகலன் விக்ரமாதித்யாவையும் விடவில்லை. 2012இல் பாரன்ட்ஸ் கடலில் சோதனை ஓட்டத்தின்போது அதன் எட்டுக் கொதிகலன்களில் ஏழு செயலிழந்தன. உள்ளே வெப்பம் தாங்க அமைத்த செங்கல் காப்பு இடிந்துவிட்டது. கல்நார் வேண்டாம் என்று இந்தியா சொன்னதால்தான் செங்கல்லுக்குப் போனோம் என்றது ரஷ்யத் தரப்பு. கப்பல் கைக்கு வர மேலும் ஓராண்டு ஆனது. கொச்சியில் கட்டி 2022இல் சேர்ந்த புதிய விக்ராந்துக்குக் கொதிகலனே கிடையாது, எரிவாயுச் சுழலிகள்தான்.

அணுசக்தியில் ஓடும் கப்பலுக்குக் கணக்கு இன்னும் நீளமானது. அமெரிக்காவின் நிமிட்ஸ் வகைக் கப்பலின் நீளம் 333 மீட்டர், எடை சுமார் ஒரு லட்சம் டன். இரண்டு அணு உலைகள், ஐம்பது ஆண்டு ஆயுள். பாதி வயதில் எரிபொருள் மாற்ற வேண்டும். உலையை எட்டக் கப்பலின் உடலையே வெட்டித் திறக்க வேண்டியிருப்பதால், கூடவே குழாய், கம்பி, தொட்டி, ராடார் என்று சகலத்தையும் பிரித்துப் போடுகிறார்கள். இதைச் செய்யும் இடம் ஒன்றுதான்: வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் தளம். திட்டப்படி நான்கு ஆண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் என்ற கப்பல் 2017 ஆகஸ்டில் உள்ளே போனது, 2023 மே மாதம்தான் வெளியே வந்தது. இடையில் முதல் பணியாக அங்கே அனுப்பப்பட்ட இளைஞர்கள், கடலையே பார்க்காமல் இரைச்சலுக்கும் தூசிக்கும் நடுவே கப்பலிலேயே தங்கினார்கள். 2022 ஏப்ரலில் ஒரே வாரத்தில் மூன்று மாலுமிகள் தற்கொலை செய்துகொண்டனர். அதன் பிறகுதான் இருநூறுக்கும் மேற்பட்டவர்களை வெளியே தங்கவைத்தது கடற்படை. கால அட்டவணைகளை மாதங்களாக மட்டுமே எண்ணிப் பழகியவர்கள் இதையும் எண்ணியாக வேண்டும்.

இந்தப் பெரிய அறுவை வாழ்நாளில் ஒருமுறை. வழக்கமான சுற்று 36 மாதம். அதில் சுமார் ஆறு மாதம் தளத்தில் பழுதுபார்ப்பு, பிறகு பயிற்சி, பிறகு ஏழெட்டு மாதம் தூரக்கடல், மீதி நாட்கள் அழைத்தால் கிளம்பும் நிலையில் காத்திருப்பு. சில சுற்றுகளுக்கு ஒருமுறை உலர்துறை ஏறும்போது ஓராண்டுக்கு மேலும் ஆகும். சட்டப்படி 11 விமானந்தாங்கிகளை வைத்திருக்க வேண்டிய நாட்டுக்கே இரண்டு மூன்றுக்கு மேல் ஒரே நேரத்தில் தொலைவில் நிறுத்துவது சிரமம் என்பது இந்தப் பின்னத்திலிருந்துதான் வருகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இந்த வகைக் கப்பல் நுழையும் உலர்துறை ஒன்றே ஒன்று, பிரெமெர்ட்டனில். அங்கே ஒரு கப்பல் தாமதித்தால் அடுத்தது வாசலில் நிற்க வேண்டும்.

தாமதம் எப்படித் தொற்றும் என்பதற்கு ஐசன்ஹோவர் என்ற அமெரிக்க விமானந்தாங்கி நல்ல உதாரணம். அடுத்தடுத்து இரண்டு முறை தூரக்கடலுக்கு அனுப்பி வாட்டிய பிறகு 2013இல் உலர்துறை ஏற்றினார்கள். 14 மாதம் என்று போட்ட வேலை 23 மாதம் இழுத்தது. திறந்து பார்த்தபோது எதிர்பார்த்ததைவிட அதிகம் தேய்ந்திருந்தது, வேலைக்கு ஆளும் போதவில்லை. அதன் இடத்துக்கு ட்ரூமன் என்ற இன்னொரு விமானந்தாங்கியை அனுப்ப முடிவானது. ட்ரூமன் வந்து சேர்வதற்குள், 2015இன் கடைசி மாதங்களில், பாரசீக வளைகுடாவில் அமெரிக்க விமானந்தாங்கியே இல்லாத ஓர் இடைவெளி விழுந்தது. அந்த டிசம்பரில் அங்கே அமெரிக்கப் பணிக்குழுவின் தலைமையை ஏற்றது ஒரு பிரெஞ்சுக் கப்பல், ஷார்ல் தெ கோல்.

பிரான்ஸிடம் இருப்பது அந்த ஒன்றுதான். 2017 பிப்ரவரியில் தூலோன் துறைமுகத்தில் அதுவும் உலர்துறை ஏறியது, சுமார் 18 மாதத்துக்கு. கப்பலை நிறுத்திவைக்கலாம், விமானியின் கைப்பழக்கத்தை நிறுத்திவைக்க முடியாது. ஆடும் தளத்தில், கம்பியில் கொக்கி மாட்டி இரவில் இறங்கும் வித்தை சில மாதம் செய்யாவிட்டால் மங்கிவிடும், மறுபடி சோதித்துத்தான் உரிமம் தருவார்கள். அதனால் 2018இல் 12 ரஃபேல் விமானங்களும் சுமார் 350 பேரும் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போனார்கள். ஜார்ஜ் புஷ் என்ற அமெரிக்கக் கப்பலின் தளத்தில் இறங்கி ஏறிப் பழகிவிட்டுத் திரும்பினார்கள். 2008இல் ஷார்ல் தெ கோல் முந்தைய பழுதுபார்ப்பில் இருந்தபோதும் இதே போன்ற ஏற்பாடுதான். நட்பு நாடு ஒன்று தன் தளத்தைக் கடன் கொடுக்கும் என்றால் ஒரே கப்பலோடும் காலம் தள்ளலாம்.

இந்தியாவுக்கு அப்படி இரவல் தளம் கிடையாது. கிழக்குக் கரைக்கு ஒன்று, மேற்குக் கரைக்கு ஒன்று, பழுதுபார்ப்பில் ஒன்று என மூன்று வேண்டும் என்று கடற்படை பல ஆண்டுகளாகக் கேட்கிறது. யானை கட்டித் தீனி போடுவதில் ஏற்கெனவே இரண்டு போதும், அந்தப் பணத்தில் நீர்மூழ்கிகள் வாங்கலாம் என்பது எதிர்த்தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இதற்கிடையே 2024 நவம்பரில் விக்ரமாதித்யாவை உலர்துறை ஏற்றிப் பழுதுபார்க்க 1,207 கோடி ரூபாய்க்குக் கொச்சி கப்பல் கட்டும் தளத்துடன் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் போட்டது. அது உள்ளே இருக்கும் நாட்களில் விக்ராந்த் வெளியே இருந்தாக வேண்டும். இரண்டுக்குமான தேதிகளை யாரோ ஒருவர் ஒரே தாளில் எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருப்பார்.