எட்டு மாதம் கடலே இல்லம்



தளி, தேன்கனிக்கோட்டை வட்டார மேட்டுநிலத்தில் வாழும் நமக்குக் கடல் தொலைவில் உள்ளது. ஆயினும் 'மாலுமி' என்னும் சொல்லை நாம் அனைவரும் அறிவோம். ஆசானைக் குறிக்கும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல், மரக்கலத்தை வழிநடத்துபவரையும் குறித்து, தமிழில் மாலுமியாக நிலைத்தது. புயலை எதிர்க்கும் துணிவு மட்டுமே ஒருவரை மாலுமியாக்குவதில்லை. அன்றாட ஒழுங்கே அவரைக் கரை சேர்க்கிறது. இதற்கு இரு பெண்மணிகளின் பயணம் சான்று.

இருவர் மட்டுமே

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா ஆகிய இருவரும் இப்பயணத்தின்போது இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர்களாக இருந்தனர். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' என்னும் பாய்க்கலத்தில் புறப்பட்டனர். ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், ஃபாக்லாந்துத் தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நான்கு துறைமுகங்களில் மட்டுமே தங்கினர். 25,000 கடல் மைல்களுக்கு மேல் கடந்து, உலகைச் சுற்றி, 2025 மே 29 அன்று கோவா திரும்பினர்.

தாரிணியின் நீளம் 56 அடி. ஏறத்தாழ ஒன்றரைப் பேருந்தின் நீளம்! அதற்குள்ளேதான் சமையல், படுக்கை, கருவிகள், பாய்கள், மாதக்கணக்கிற்கான உணவு எல்லாம். பாய்களில் பிடிக்கும் காற்றே அதனை உந்திச் செல்கிறது.

உறக்கமும் விழிப்பும்

இரவு வந்தால் நங்கூரமிட்டு உறங்கலாமே என்று எண்ணுகிறீர்களா? ஆழ்கடலில் நங்கூரம் தரை தொடாது. கலம் இரவும் பகலும் சென்றுகொண்டேயிருக்கும். எனவே ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருக்க வேண்டும். ஓசூர்த் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் உறங்குவோரின் இல்லத்தினர் இதன் அருமையை அறிவர். அங்கோ, பாய்களை மாற்ற இரு கரங்கள் போதாதபோது உறக்கத்தை உதறி எழ வேண்டும்.

விழித்திருப்பவரின் வேலை வானத்தைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பதன்று. காற்றின் திசையை நோக்க வேண்டும். அது வலுத்தால் பாயின் பரப்பைச் சுருக்க வேண்டும். எதிர்ப்படும் கப்பல்களைக் கவனிக்க வேண்டும். உராய்ந்து நைந்த கயிற்றைத் தேடிக் கண்டு, அறுபடும் முன் மாற்ற வேண்டும். மேல்தளம் ஏறும்போது தம் உடலைக் கலத்தோடு வாரினால் பிணைத்துக்கொள்ள வேண்டும். இரவில் ஒருவர் தவறி விழுந்தால், உள்ளே உறங்குபவர் அறியும் முன் கலம் வெகுதூரம் சென்றிருக்கும்.

அடுக்களையும் தண்ணீரும்

நெடும்பயணக் கலங்களின் அடுப்பு ஊஞ்சல்போல் ஆடும் அமைப்புடையது. கலம் சாய்ந்தாலும் பாத்திரம் சமநிலையில் நிற்கும். படுக்கையிலிருந்து உருண்டு விழாதிருக்கத் துணித் தடுப்பு உண்டு. சுற்றிலும் நீர், குடிக்கவோ ஒரு மிடறும் ஆகாது! கொண்டுசெல்லும் நன்னீர், கடல்நீரின் உப்பைப் பிரிக்கும் கருவி, மழை ஆகியவையே ஆதாரம். ஆழ்துளைக் கிணறு வற்றிய கோடையில் குடம் குடமாய்க் கணக்கிட்ட இல்லத்தரசிகளுக்கு இதனை விளக்க வேண்டுமா?

யாருமற்ற இடம்

2025 ஜனவரி 4 அன்று லிட்டல்டனிலிருந்து புறப்பட்டவர்கள், பிப்ரவரி 18 அன்றுதான் மறுகரை கண்டனர். இடையே, ஜனவரி இறுதியில் 'பாயின்ட் நீமோ'வைக் கடந்தனர். எத்திசையில் சென்றாலும் 2,600 கிலோமீட்டருக்கு மேல் நிலமே இல்லாத இடம் அது. தலைக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் விண்வெளி நிலையம் கடக்கும் வேளையில், அதிலுள்ளோரே மிக அருகிலுள்ள மனிதர்கள்! அத்தனிமையிலும் ஆய்வுக்காகக் கடல்நீர் மாதிரிகளைச் சேகரித்தனர். பின்னர், கடுங்காற்றுக்கும் பேரலைகளுக்கும் பெயர்போன ஹார்ன் முனையையும் கடந்தனர்.

அமானிதம்

சிந்தித்துப் பாருங்கள்! உறங்கச் செல்பவர் தம் உயிரையே மற்றவரிடம் அமானிதமாக ஒப்படைத்துவிட்டுக் கண்மூடுகிறார். மனவருத்தம் தோன்றினாலும் கதவைச் சாத்திக்கொண்டு விலகிச் செல்ல அங்கே வேறு அறை இல்லை. இன்று முறை தவறினால் நாளை இருவருமே தளர்வர்.

நம் இல்லங்களும் இத்தகைய கலங்களே. பெரும்புயலில் கவிழ்ந்த குடும்பங்களைவிட, கவனிக்கப்படாத நைந்த கயிறுகளால் துன்புற்ற குடும்பங்களே அதிகம். இரவெல்லாம் நோயாளியின் அருகே விழித்திருந்த தாயை, விடிந்தபின் 'சற்று உறங்குங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அனுப்பிவைக்க நம் வீட்டில் ஒருவர் உண்டா? அந்த ஒருவராக இன்றே நாம் ஆகலாமே!