வயசைக் கேட்க மாட்டாங்க... உயரத்தைத்தான் பார்ப்பாங்க!

கேளிக்கைப் பூங்கா கிளம்பும் முன் வீட்டிலேயே அளந்து பாருங்கள்

"பையனுக்கு 10 வயசுதான் சார்... அரை டிக்கெட் போடுங்க!"

பஸ்ஸில் சொல்லலாம். ரயிலில் சொல்லலாம். பெரிய கேளிக்கைப் பூங்காவின் கவுண்ட்டரில் இந்தப் பேச்சு எடுபடாது. அங்கே வயசு கணக்கே இல்லை. அளவுகோல்தான் பேசும். பையனின் தலை கோட்டைத் தாண்டினால் முழு டிக்கெட்!

2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்டது. 64 ஏக்கர் பரப்பு. 40-க்கும் மேற்பட்ட விளையாட்டுகள். அன்று முதல் சென்னையில் வீட்டுக்கு வீடு ஒரே நச்சரிப்பு: "எப்பப்பா கூட்டிட்டுப் போவே?"

கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் புறப்படும் முன் ஒரு வேலை இருக்கிறது. தையல் மெஷின் பக்கத்தில் கிடக்கும் டேப்பை எடுங்கள்!

அரையா, முழுசா?

வொண்டர்லாவில் 140 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரியவர் டிக்கெட். அதாவது சுமார் 4 அடி 7 அங்குலம். 85 முதல் 140 செ.மீ. வரை சிறுவர் டிக்கெட். 85-க்குக் கீழே இருந்தால் இலவசம்.

ஆறாம் வகுப்புப் பையன் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தால் பெரியவர் கணக்கில் சேர்ந்துவிடுவான். நாலு பேர் குடும்பத்துக்கு டிக்கெட் மட்டுமே ஆயிரக்கணக்கில் ஆகிறது. சம்பளத் தேதியைப் பார்த்துப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமா?

பிள்ளையைச் சுவரோடு ஒட்டி, வெறுங்காலில் நிற்க வையுங்கள். தலை மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சமமாகப் பிடித்து, பென்சிலால் கோடு போட்டு அளந்துவிடுங்கள். காலையில் அளந்தால் சாயங்காலத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். எல்லையில் இருக்கும் பிள்ளைக்கு முழு டிக்கெட் பணத்தை எடுத்து வைப்பதே நல்லது.

சனி, ஞாயிறு, பண்டிகை நாள்களில் கட்டணமும் அதிகம், கூட்டமும் அதிகம். பள்ளி லீவில் செவ்வாய், புதன் பார்த்து ஒரு நாள் லெட்டர் கொடுப்பவர்தான் கெட்டிக்காரர்!

கோடு எதுக்கு?

உள்ளே போனதும் கதை முடியவில்லை. ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் இன்னொரு கோடு! இது பணத்துக்காகப் போட்ட கோடு அல்ல. உயிருக்காகப் போட்ட கோடு.

தலைகீழாகச் சுற்றும்போது ஆளைப் பிடித்து வைத்திருப்பது மடி மேலோ தோள் மேலோ வந்து விழும் இரும்புத் தடுப்பு. குறிப்பிட்ட உயரமுள்ள உடம்புக்காக அளவெடுத்துச் செய்தது அது. குட்டைப் பிள்ளை உட்கார்ந்தால் தடுப்புக்கும் உடம்புக்கும் நடுவில் இடைவெளி விழும். வேகம் பிடிக்கும்போது அந்தச் சந்தில் நழுவிவிடலாம்.

ராட்டினம் விளையாட்டுச் சாமான் அல்ல. 2012-ல் பூந்தமல்லி பக்கத்துப் பூங்கா ஒன்றில் ராட்டினத்திலிருந்து விழுந்து ஓர் இளம்பெண் இறந்துபோனார். 2025 மே மாதம் ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு ராட்டினம் அந்தரத்தில் நின்றுவிட்டது. குழந்தைகள் உள்பட 30-க்கும் மேற்பட்டவர்கள் மணிக்கணக்கில் தவித்தார்கள். தீயணைப்பு வீரர்கள் ராட்சத ஏணியோடு வந்து எல்லோரையும் பத்திரமாக இறக்கினார்கள்.

தடுப்பு விழுந்ததும் நீங்களே ஒரு முறை இழுத்துப் பாருங்கள். ஆடினால் கை தூக்கிக் கூப்பிடுங்கள். வெட்கப்பட வேண்டாம். நடுவழியில் நின்றால் நீங்களாக அவிழ்த்து இறங்க முயலாதீர்கள். உட்கார்ந்த இடம்தான் பாதுகாப்பு.

இருதய நோய், ரத்தக் கொதிப்பு, கழுத்து - முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேக ராட்டினத்தில் ஏறக்கூடாது. "ஒரே ஒரு ரவுண்டுதானே" என்பதெல்லாம் வேண்டாம்.

புளியோதரைக்கு இடமில்லை!

தூக்குச் சட்டியில் புளியோதரை, தயிர் சாதம் கட்டிக்கொண்டு போவது நம் வழக்கம். வொண்டர்லாவுக்குள் வெளிச் சாப்பாடு அனுமதியில்லை. ஆகவே காலை டிபனை வீட்டிலேயே வயிறாற முடித்துவிட்டுக் கிளம்புங்கள். மதியச் சாப்பாட்டுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். கைக்குழந்தை இருந்தால் பால், மருந்து பற்றி முன்னாடியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தித் துணி உதவாது. நனைந்தால் கனக்கும், காலைச் சுற்றும். நைலான், பாலியெஸ்டர் உடைதான் வேண்டும். இதை வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் அங்கே வாங்கும் செலவு மிச்சம். சங்கிலி, வளையலை பீரோவில் பூட்டிவிடுங்கள். தொங்கும் துப்பட்டாவும் விரித்த கூந்தலும் ராட்டினத்துக்கு ஆகாது. இறுக்கி முடிந்துகொள்ளுங்கள்.

கதவு திறந்த சூட்டோடு, க்யூ நீளும் முன் பெரிய ராட்டினங்களை முடித்துவிடலாம். உச்சி வெயிலுக்குத் தண்ணீர். சாப்பிட்ட உடனே மட்டும் எதிலும் ஏறாதீர்கள்.

"முடியாது" என்பவர் யார்?

மூத்தவன் ஏறிவிட்டான். சின்னவளுக்கு இரண்டு அங்குலம் குறைவு. வாசலில் ஒரே அழுகை.

"குழந்தை ஆசைப்படுது... கொஞ்சம் விடுங்க தம்பி!" என்று அப்பா கெஞ்சுவார். அந்தப் பையன் தலையை ஆட்டி மறுப்பான். உடனே வாக்குவாதம். நாலு பேர் கூடிவிடுவார்கள். அன்றைய சந்தோஷமே போச்சு!

இந்த அழுகையை முந்தின நாளே வீட்டில் தீர்த்துவிடலாம். "உனக்கு இது, அண்ணனுக்கு அது" என்று பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். அவள் உயரத்துக்கு ஏற்ற சின்ன ராட்டினங்களும் அங்கே உண்டு. அண்ணன் சுற்றி வரும் நேரத்தில் அவள் அம்மாவோடு அங்கே போகட்டும்.

விடாப்பிடியாக "முடியாது" என்று நிற்கும் அந்தப் பையன் உங்களுக்கு எதிரி அல்ல. உங்கள் மகளைப் பத்திரமாக வீட்டுக்குத் திருப்பி அனுப்ப நிற்பவன் அவன். கெஞ்சினால் விட்டுவிடுகிற ஆளைக் கண்டால்தான் பயப்பட வேண்டும்!