ஹேங் ஆகும் கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

கணினி மெதுவாக ஓடுவது வேறு. நின்று நின்று ஓடுவது வேறு. இரண்டாவது வகையில், அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி திடீரென உறைந்துபோகும். மவுஸ் அம்பு நகரும், பாட்டுகூட நிற்காமல் பாடும். ஆனால் எதைச் சொடுக்கினாலும் பதில் இருக்காது. சில நொடிகள் கழித்து, சொடுக்கியதெல்லாம் மொத்தமாகத் திறந்துகொள்ளும். கடைக்குக் கொண்டுபோனால், “வைரஸ் சார், ஃபார்மட் அடிச்சிரலாம்” என்பார்கள், இல்லையென்றால் ரேமைக் கூட்டச் சொல்வார்கள். ஃபார்மட் அடித்த பிறகும் சில நாளில் அதே ஹேங் திரும்பி வந்தால், டிஸ்க் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அம்பும் பாட்டும் நிற்காததுதான் முதல் துப்பு. பாட்டின் அடுத்த சில நொடிகள் ஏற்கெனவே ரேமுக்கு வந்து சேர்ந்திருக்கும். அம்பை நகர்த்த டிஸ்க்கைத் தொட வேண்டியதே இல்லை. புதிதாக ஒரு கோப்பு தேவைப்படும் மென்பொருள்தான் டிஸ்க்கிடம் கேட்டுவிட்டுக் காத்து நிற்கிறது. ப்ராசஸர் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் அந்த நேரத்தில் உதவாது. ஒரு ஜன்னல் 5 நொடி அசையாமல் இருந்தால், விண்டோஸ் அதற்கு ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று பட்டம் கட்டிவிடும்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த டாஸ்க் மேனேஜர் போதும். அதில் டிஸ்க் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். ஹேங் வரும்போது டிஸ்க் பயன்பாடு 100 சதவீதத்தில் நிற்க, படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால் கதை தெளிவு: டிஸ்க் வேலையை வாங்கிக்கொண்டது, முடித்துத் தரவில்லை. பக்கத்திலேயே பதில் தரும் நேரம் மில்லிநொடியில் ஓடும். 7,200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க்கின் தட்டு ஒருமுறை சுற்ற 8.3 மில்லிநொடி ஆகும். அதனால் சாதாரண வேலையில் அதற்குப் பத்து, இருபது மில்லிநொடி இயல்பு. எஸ்எஸ்டிக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆயிரக்கணக்கில் காட்டினால் அது நோய்.

நிற்கும் நேரமே நோயைச் சொல்லும்

அடுத்து, ஹேங் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எப்போது வருகிறது என்று கவனியுங்கள்.

கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு வந்து ஒரு ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் நிற்கிறதா? ஹார்டு டிஸ்க் தூங்கப் போயிருக்கிறது. தட்டு மறுபடி முழு வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். இதில் பழுது எதுவும் இல்லை. பவர் ஆப்ஷன்ஸில் டிஸ்க்கை நிறுத்தும் நேரத்தை மாற்றினால் போதும்.

குறிப்பிட்ட சில கோப்புகளைத் தொடும்போது மட்டும் நிற்கிறதா? டிஸ்க்கில் அந்த இடம் கெட்டுக்கொண்டிருக்கலாம். வீட்டுக் கணினிகளுக்கான ஹார்டு டிஸ்க், படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். இதற்கே பல பத்து நொடிகள் போய்விடும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் சர்வர்களுக்கான வகைகளில் இந்தப் பிடிவாதத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். வழக்கமாக 7 நொடி.

ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் நிற்கிறதா? அப்படியானால் ஒரு டைமர் முடிவதற்காகக் காத்திருக்கிறீர்கள். டிஸ்க் பதிலே தராவிட்டால், லினக்ஸ் வழக்கமாக 30 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு இணைப்பை ரீசெட் செய்யும். விண்டோஸும் ரீசெட் செய்துவிட்டு, ஈவென்ட் வியூவரில் 129 என்ற எண்ணில் எச்சரிக்கை எழுதி வைக்கும். ஹேங் வந்த மணியும் அந்தப் பதிவின் மணியும் ஒத்துப்போனால், ஃபார்மட் அடிப்பதில் பயனில்லை. கேபிள், மின்சேமிப்பு அமைப்பு, டிஸ்க்கின் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா இணைப்பு, மின்சேமிப்புக்காகப் போகும் ஆழ்ந்த தூக்க நிலையிலிருந்து 10 மில்லிநொடிக்குள் விழிக்க வேண்டும் என்பது விதி. விழிக்கத் தடுமாறும் டிஸ்க்கில், மின்சேமிப்பை அணைத்ததும் ஹேங் நின்றுவிடுவது உண்டு.

நிறைய எழுதும்போது ஒழுங்கில்லாமல் திக்கித் திக்கி நிற்கிறதா? இது எஸ்எஸ்டியின் பிறவிக் குணம். சிலேட்டில் ஓர் எழுத்தைத் திருத்த முழுச் சிலேட்டையும் துடைத்தாக வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? ஃபிளாஷ் சில்லில் அதுதான் நிலைமை. எழுதுவது சிறு பக்கம் பக்கமாக. அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட பிளாக் முழுவதையும். ஆகவே எஸ்எஸ்டி புதியதைக் காலி இடத்தில் எழுதி வைத்துவிட்டு, பழைய பிளாக்குகளைப் பிறகு ஓய்வாகக் காலி செய்யும். டிஸ்க் நிரம்பி வழிந்தால் ஓய்வு கிடைக்காது. எழுத வந்த வேலை, இடம் காலியாகும்வரை நிற்கும். கொஞ்சம் இடம் விட்டு வைப்பதே இதற்கு மருந்து.

மூன்று பழைய வழக்குகள்

2008-ல் விலை குறைந்த எஸ்எஸ்டிகள் பலவற்றில் ஜேமைக்ரான் நிறுவனத்தின் கண்ட்ரோலர் சில்லு இருந்தது. பெரிய கோப்புகளை நகலெடுத்தால் அசுர வேகம். சிறு சிறு துண்டாக எழுதச் சொன்னால் ஒரு துண்டுக்கே ஏறக்குறைய கால் வினாடி. பின்னணியில் ஏதாவது எழுதப்பட்டாலே கணினி உறைந்தது. இதை அளந்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஆனந்த்டெக் இதழின் ஆனந்த் லால் ஷிம்பி. சராசரி வேகம் விற்பனைக்கு உதவும், பயனருக்கு உறைப்பது மிக நீண்ட காத்திருப்புதான் என்பதை இந்தச் சில்லு காட்டிக்கொடுத்தது.

குரூஷியல் எம்4 எஸ்எஸ்டியின் கதை இன்னும் விசித்திரம். மொத்தம் 5,184 மணி நேரம் ஓடியதும் அது பதில் தருவதை நிறுத்தியது. மறுபடி இயக்கினால் ஓடும். ஒரு மணி நேரத்தில் மீண்டும் நிற்கும். ஓடிய நேரத்தை எண்ணும் கணக்கைக் கையாண்டதில் ஃபர்ம்வேரில் பிழை. 2012 ஜனவரியில் வந்த புதிய ஃபர்ம்வேர் அதைச் சரிசெய்தது. அதில் வன்பொருள் பழுது துளியும் இல்லை.

மூன்றாவது வழக்கில் டிஸ்க் நிரபராதி. விண்டோஸ் 11 டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியைக் கட்டாயமாக்கிய பின், ஏஎம்டி ரைசன் கணினிகள் சிலவற்றில் அவ்வப்போது படமும் ஒலியும் திக்கின. அந்த வசதி, மதர்போர்டில் பயாஸ் இருக்கும் சிறு ஃபிளாஷ் சில்லை அவ்வப்போது தொடுகிறது. அந்த வேலை நீளும்போது கணினியே நின்றுபோகிறது என்று 2022 மார்ச்சில் ஏஎம்டி விளக்கியது. அதற்கான தீர்வு பயாஸ் அப்டேட்டில் வந்தது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் சும்மா இருந்தும் கணினி திக்கினால், இப்படிப்பட்ட மூலைகளையும் பார்க்க வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது?

முதலில் பேக்கப். அதற்கு முன்னால் எந்தச் சோதனையும் வேண்டாம். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் ‘செக்டிஸ்க்’ முழுச் சோதனையை ஓட்டினால், கடைசித் தெம்பும் அதிலேயே தீர்ந்துவிடலாம்.

பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவசக் கருவியில் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைத் திறங்கள். ஹார்டு டிஸ்க்கானாலும் சாட்டா எஸ்எஸ்டியானாலும் இரண்டு வரிகள் முக்கியம். 197-வது வரி, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் இடங்களின் எண்ணிக்கை. இது கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். 199-வது வரி, கேபிள் வழியே தகவல் சிதைந்து வந்த தடவைகளின் எண்ணிக்கை. இது மட்டும் ஏறினால் டிஸ்க் பெரும்பாலும் நலம். கேபிளைக் கழற்றி அழுத்திச் செருகுங்கள், அல்லது புதிதாக மாற்றுங்கள். இந்த எண்ணிக்கை பழையபடி குறையாது. மேற்கொண்டு ஏறாமல் நின்றாலே வெற்றி. இந்தக் கருவி எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டுவது வழக்கம். வரி எண்ணும் சி5, சி7 என்றே இருக்கும், பயப்பட வேண்டாம்.

இரண்டும் சுத்தமாக இருந்தால் ஃபர்ம்வேர், பயாஸ் அப்டேட், மின்சேமிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் ஹேங் போய்விடலாம். எதனால் போனது என்று தெரியாது. அடுத்த முறை வரும்போது மறுபடியும் ஃபார்மட்டில்தான் தொடங்க நேரும்.