திருப்தியை யாரிடம் கேட்கிறார்கள்?

இங்கிலாந்தின் சர்வகலாசாலைகளுக்குள் நிகழும் போட்டியைக் கூர்ந்து நோக்குகிறவர்களுக்கு, அதில் வித்தையின் பங்கைக் காட்டிலும் மாணவர் அபிப்பிராயத்தின் பங்கு பெருகிவருவது புலப்படாமற் போகாது. உள்நாட்டு மாணவரின் ஆண்டுக் கட்டணத்துக்கு 2012-இல் 9,000 பவுண்டு என வரம்பு கட்டி, 2017-இல் அதை 9,250 ஆக்கி, பின்னர் 2025 வரை அசையாமல் நிறுத்திவைத்ததனால், விலைவாசி ஏற ஏற அத்தொகையின் மதிப்புத் தேய்ந்து, வரம்பேதுமில்லாத வெளிநாட்டு மாணவரின் கட்டணமே பற்றாக்குறையை அடைக்கும் பிரதான உபாயமாகிவிட்டது.

ஆயினும், அந்த அபிப்பிராயத்தை அளக்க 2005 முதல் நடைபெற்றுவரும் தேசிய மாணவர் கருத்தாய்வு இளங்கலை இறுதியாண்டினரையே வினவுகிறது. இந்தியாவிலிருந்து செல்வோரில் மிகப் பெரும்பாலோரோ ஓராண்டு முதுகலைக்குச் செல்பவர்கள். முதுகலை மாணவருக்கென வேறோர் ஆய்வு உண்டென்றாலும், அதில் சேருவது கலாசாலைகளின் விருப்பம். ஒவ்வொன்றும் பெற்ற மதிப்பு பொதுப்பட்டியலாக வெளிவருவதில்லை. எவருடைய பணம் அதிகமாக வேண்டப்படுகிறதோ அவருடைய மனக்குறையே ஊரறியாமல் நின்றுபோகிறது.

அப்படியே கேட்டாலும் அந்த வெளிநாட்டு மாணவர் வாய்திறந்து சொல்வாரா என்பதே என் நெஞ்சை அரிக்கும் கவலை. அவருடைய விசாவுக்குப் பொறுப்பேற்றிருப்பது அந்தக் கலாசாலையே. வகுப்புக்கு வராமற்போனால் அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருப்பதும் அதுவே. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துக் கடன் வாங்கி, பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டும் வேலை செய்ய அனுமதி பெற்று, நாற்றம் பிடித்த அறையொன்றில் நால்வரோடு ஒண்டிக்கொண்டு கட்டுரை எழுதுகிற ஒருவர், தமக்கு நிழல் தரும் ஸ்தாபனத்தைக் குறைகூறத் துணிவது எளிதா? அதனினும் கொடியது, படிப்பு முடிந்த பிறகும் அந்த மௌனம் கலைவதில்லை. தம் கலாசாலையின் கீர்த்தி குன்றினால் தம் பட்டத்தின் மதிப்பும் உடன் குன்றும் என்பதை அறிந்தவர், தம்பிக்கும் தோழனுக்கும் 'நல்ல இடந்தான்' என்றே எழுதுகிறார். அந்தச் சொல்லை நம்பி இன்னொரு குடும்பம் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறது.

இத்தகைய ஆய்வுகளால் நூலக நேரம் நீண்டது, விடைத்தாள் விரைவில் திரும்பியது என்று வாதிப்பவர்களும் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 2023-இல் இங்கிலாந்து மாணவருக்கான தேசியக் கருத்தாய்வு வினாத்தாளிலிருந்து ஒட்டுமொத்தத் திருப்தி பற்றிய வினாவே நீக்கப்பட்டது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அது நீடிக்கிறது. எல்லைக்கு அப்பால் கேட்கப்படுவது இப்பால் கேட்கப்படாதிருக்க, ஒப்புநோக்குவதுதான் எப்படி?

ஆகவே, விசாவின் பிடி தளர்ந்து, மாணவர் ஊர் திரும்பியோ வேலையிலமர்ந்தோ ஓராண்டு கழிந்தபின், கலாசாலைக்குச் சம்பந்தமில்லாத ஓர் அமைப்பு அவரை அணுக வேண்டும். ஆசிரியரைத் தனித்துக் கண்ட தடவைகள் எத்தனை, கற்றதற்கேற்ற வேலை கிடைத்ததா, கடனில் இன்னும் எவ்வளவு மீதி என்று பெயர் கேளாமல் வினவி, விடைகளைக் கலாசாலை வாரியாக அச்சிட்டு, அடுத்த செப்டம்பருக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கும் முன்பே பெற்றோர் கையில் சேர்ப்பிக்க வேண்டும்.