வேடந்தாங்கலில் பாதை சீரமைக்க ஆசையா? அருவாளோடு கிளம்பும் முன் ஒரு நிமிஷம்!

ஸ்ரீபெரும்புதூர்:
ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் வாலிபர்கள் லீவு நாளில் நாலு பேராகச் சேர்ந்து ஏரி, குளம் சுத்தம் செய்யப் போவது நல்ல விஷயம்தான். அதே வேகத்தில் அருவாள், மண்வெட்டியோடு வேடந்தாங்கலுக்கும் கிளம்பினால்தான் சிக்கல். ஊர் ஏரிக்கு நல்லது செய்யும் வேலை, பறவைகள் சரணாலயத்தில் கூட்டைக் கலைத்துவிடும்.

வேடந்தாங்கல் ஏரி சுமார் 74 ஏக்கர். வடகிழக்கு பருவமழையில் தண்ணீர் நிறைந்ததும், உள்ளே நிற்கும் மரம் ஒவ்வொன்றும் தனித்தனி தீவாகிவிடும். நாய், நரி, மனுஷன் யாரும் நடந்து போக முடியாது. அந்த தைரியத்தில்தான் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் அங்கே கூடு கட்டுகின்றன.

எந்த கருவேலம்?

நீர்க்கடம்புக்கு அடுத்தபடி பறவைகள் கூடு கட்டுவது நாட்டுக் கருவேல மரத்தில். சீமைக் கருவேலத்தை ஒழிக்கணும் என்று 2017-ல் ஐகோர்ட்டு மதுரை கிளை உத்தரவுக்குப் பிறகு ஊர் ஊராக வெட்டினார்கள். முள்ளைப் பார்த்து ரெண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் பந்து போல உருண்டையாக இருக்கும். காய் பாசிமணி கோர்த்தது போல இடுங்கி இடுங்கி, சாம்பல் நிறத்தில் தொங்கும். சீமைக்கருவேலத்தின் பூ நீளமான கதிர். காயும் இடுக்கு விழாமல் நீட்டமாக இருக்கும்.

எதுவாக இருந்தாலும் நீங்களாக வெட்டக் கூடாது. 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி, சரணாலயத்தில் அனுமதி இல்லாமல் மரம், செடியை அழிப்பதும் தீ வைப்பதும் குற்றம். கூட்டிய சருகை கொளுத்துவதும் இதில் சேர்த்திதான்.

பாதை வேலை

பார்வையாளர்கள் நடப்பது ஏரிக்கரை மேல். மழையில் தண்ணீர் ஓடிய தடம் பள்ளமாகும். அதில் மண்ணை சும்மா கொட்டினால் அடுத்த மழையில் போயே போச்சு. தண்ணீர் தெளித்து, திம்சுக்கட்டையால் இடித்து, ஒரு பக்கம் லேசாக சரிவு விட வேண்டும். தண்ணீர் பாதை நெடுக ஓடாமல் பக்கவாட்டில் வடிந்தால்தான் மண் நிற்கும். இதற்கு கரையின் அடியிலேயே மண்ணை வெட்டி எடுக்கிறவர்கள் உண்டு. அது கரையையே பலவீனமாக்கும் வேலை.

கூலி இல்லாத மராமத்து இந்தப் பக்கத்துக்கு புதுசு இல்லை. அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு ஏரிக்குப் போவார்கள். அதுதான் குடிமராமத்து. வராதவர்களை வரவழைக்க வெள்ளைக்காரன் 1858-ல் கட்டாய உழைப்பு சட்டமே போட்டான்! அதே பெயரில் அரசு திட்டம் 2017 மார்ச்சில் தொடங்கப்பட்டது, நம்ம மணிமங்கலம் ஏரியில்தான்.

வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் செய்தது இன்னொரு விதம். பறவைகளை சிப்பாய்கள் சுட்டபோது கலெக்டர் பிளேசிடம் முறையிட்டு, 1798-ல் கவுல் வாங்கினார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் விட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எப்போது போகலாம்?

நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். குஞ்சு இருக்கும் நேரத்தில் கடப்பாரை சத்தம் கேட்டால் தாய்ப்பறவை கூட்டை விட்டு எழும்பும். குஞ்சு வெயிலில் காயும், காக்கை கொத்தும். அதனால் பறவைகள் கிளம்பி ஏரி வற்றிய பிறகு, ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் கரை வேலைக்கு தோதான காலம்.

முதலில் வனத்துறையிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். என்ன வேலை, எந்த இடம் என்று அவர்கள் சொல்வதுதான் கணக்கு. பிளாஸ்டிக் பொறுக்கச் சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம். ஒரகடத்தில் இருந்து சிங்கப்பெருமாள்கோவில் போய், ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டை தாண்டி படாளம் கூட்டுரோட்டில் திரும்ப வேண்டும். சாப்பாட்டை தூக்குச்சட்டியில் கொண்டு போவது நல்லது.